வீட்டுக்கு வரும் பூனைக்குட்டி: கருத்தடை செய்யலாமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் என் மகள் வயிற்றுப் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். "நன்னா! அடுத்த வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று உம்மா சொல்லிவிட்டார்கள். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல் வரி, ஒன்று மூன்று நிறமும் கலந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மூன்று நிறக் குட்டியின் மீதே தன் மனம் இருப்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

மூன்று நிறம் என்றாலே அது பெண் குட்டியாகத்தான் இருக்கும். கறுப்பும் மஞ்சளும் ஒரே உடலில் அமைவது பெண் பூனைக்கே உரியது. ஆணில் அது மிக மிக அரிது. ஆகவே, "அது பெரிதாகிக் குட்டி போட்டால் என்னம்மா செய்வீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், நன்னா" என்று வைத்துவிட்டாள்.

பேத்தி மௌனமான அந்தச் சில நொடிகளைப் பற்றியதே இக்கட்டுரை. எந்தக் குட்டி, என்ன நிறம், என்ன பெயர் என்றெல்லாம் ஆர்வத்தோடு பேசும் நாம், கருத்தடை என்ற சொல் வந்ததும் வாயடைத்துப்போகிறோம். ஒருவர் ஹராம் என்கிறார். மற்றொருவர் ஆகும் என்கிறார். முடிவு தள்ளிப்போகிறது. பூனையோ நம் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

நம் இல்லங்களில் பூனைக்குத் தனி உரிமை உண்டு. நாயை வாசலுக்கு வெளியே நிறுத்தும் நாம், பூனையை அடுப்படி வரை விடுகிறோம். தொழுகை விரிப்பில் அது சுருண்டு கிடந்தாலும் பதறுவதில்லை. இது வெறும் வழக்கத்தால் வந்த உரிமையன்று. ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒருமுறை தம் மகனுடைய வீட்டுக்கு வந்தபோது, மருமகளார் கப்ஷா அவர்கள் ஒளுச் செய்வதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பூனையொன்று வந்து அதில் வாய் வைத்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதனை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகளாரிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றிச்சுற்றி வருபவற்றில் உள்ளதாகும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியால் வந்ததன்றோ! இளமையில் ஆடு மேய்த்தபோது சிறு பூனையொன்றை வைத்திருந்ததாகவும், இரவில் அதை மரத்தில் விட்டுவைத்துப் பகலில் உடன் கொண்டுசென்று விளையாடியதாகவும் அவர்களே சொன்னதைத் திர்மிதீயில் காண்கிறோம். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கியின் கையில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை வெட்டிவிட்டு எழுந்ததாகவும், அப்பூனையின் பெயர் முஇஸ்ஸா என்றும் ஒரு கதை மேடைகளில் சொல்லப்படுகிறது. ஹதீஸ் நூல்கள் எதிலும் அது இல்லை. பூனையிடம் அன்பு கொள்வது ஈமானில் ஓர் அங்கம் என்று வழங்கும் வாசகமும் அத்தகையதே. ஆதாரமுள்ளவையே நமக்குப் போதுமானவை.

ஆதாரமுள்ளவற்றில் நம்மை அச்சுறுத்தும் ஒன்றும் உண்டு. ஒரு பூனையை அடைத்துவைத்து, தானும் தீனி போடாமல், வெளியே சென்று பூச்சி புழுவைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாகப் புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் வருகிறது. ஊன்றிப் பார்த்தால், அவள் அதை அடித்ததாகவோ வெட்டியதாகவோ அதில் இல்லை. அந்த உயிரை நம்மையே நம்பியிருக்கும்படி ஆக்கிவிட்டுப் பின்னர் கைவிடுவதே அங்கே குற்றம்.

எழுதக் கூசினாலும் இதனை எழுதுகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டுப் பூனை அவ்வாண்டில் இரண்டாம் முறையாக நெற்குதிருக்குப் பின்னால் ஐந்து குட்டிகள் ஈன்றது. குட்டிகள் கண் திறந்த சில நாளில் பெரியவர்கள் அவற்றை ஒரு சாக்குப் பையில் போட்டு என் கையில் கொடுத்து, மீன் கடைத்தெருவின் பின்புறம் விட்டுவரச் சொன்னார்கள். "அங்கே மீன் தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்றார்கள். பால்குடி மறவாத குட்டி மீன் தலை தின்னாது என்பது, ஆண்டாண்டாகப் பூனை வளர்த்த அவர்களுக்குத் தெரியாததன்று. பை முழுவதும் அசைந்துகொண்டே இருந்தது. நான் அதைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடிவந்தேன். தாய்ப்பூனை மூன்று இரவுகள் குதிருக்கும் கொல்லைக்குமாக அலைந்து கத்தியது. அந்த வாரமும் நாங்கள் அனைவரும் ஜும்ஆவுக்குப் போய்த்தான் வந்தோம்.

எங்கள் வீடு கொடிய வீடன்று. வேறு வழியொன்று இருப்பதை நினைத்துப் பாராத வீடு, அவ்வளவே. ஊர்தோறும் இது நடந்தது, இன்றும் நடக்கிறது. கெய்ரோ நகரிலும் நடந்திருக்கிறது. மம்லூக் சுல்தான் பைபர்ஸ், பூனைகளின் உணவுக்கென்றே அந்நகரில் ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்திருந்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறிப் போயிற்று. ஆயினும் காழியின் மாளிகை முற்றத்தில் நாள்தோறும் அஸருக்குப் பின் பூனைகளுக்கு இரை வைக்கும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை. எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1836-இல் நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் இதனை எழுதிவிட்டு, இன்னொன்றையும் குறித்துள்ளார்: தம் வீட்டுப் பூனையைத் தொலைத்துக்கட்ட விரும்பிய நகரவாசிகள் அதைக் கொண்டுவந்து காழியின் முற்றத்தில் விட்டுச்செல்வார்களாம். ஒருவர் செய்த தருமம் ஊரார் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இடமாகிவிட்டது.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

இனி, பேத்தி கேட்ட கேள்விக்கு வருவோம். முதலாவதாக, குட்டிக்கு எட்டு வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் தாயைப் பிரிந்த குட்டி நோயில் விழும். கடிப்பதற்கும் பிறாண்டுவதற்கும் எல்லை எது என்பதைத் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்ளாமலே வந்து சேரும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டுப் பழகிய குட்டியே பின்னர் வீட்டாரிடம் ஒட்டுகிறது. ஆதலால் எடுப்பதற்கு முன்னரே சில நாள் சென்று அதனுடன் விளையாடி வருவது நல்லது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு, மெலிந்த உடலில் உப்பிய வயிறு ஆகியன நோயின் அல்லது குடற்புழுவின் அறிகுறிகள். தாயையும் பாருங்கள், தாயின் சுபாவத்தில் குட்டிக்குப் பங்குண்டு. நீலக்கண் என்று மயங்க வேண்டாம். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலமே.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். பூனையின் விலையைக் கண்டித்து ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் அதனைத் தவிர்ப்பது சிறப்பு என்ற பொருளிலோ, பயனற்ற காட்டுப்பூனையைப் பற்றியது என்றோ விளங்கி, வீட்டுப் பூனையை விற்பதையும் வாங்குவதையும் ஆகும் என்றே கூறியுள்ளனர். ஆயினும் தெருவில் இத்தனை குட்டிகள் கேட்பாரற்றுக் கிடக்க, தட்டை முகமும் அடர்ந்த முடியுமுள்ள பாரசீகப் பூனையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, நம் வெயிலில் அது மூச்சுவிடத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இன்பம் இருக்கிறதோ, நானறியேன்.

வீட்டுக்கு வந்தபின் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் பரவும் என்பதால் மூன்று மாதம் நிறைந்தபின் அதற்குரிய ஊசியை மறக்கலாகாது. பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன்: குட்டிக்குக் காய்ச்சல் என்று நமக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் உடலுக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடக்கூடும்.

சட்ட நூல்கள் சொல்வதென்ன?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். ஷைத்தான் மனிதரை ஏவி இறைவனின் படைப்பை மாற்றச் செய்வதாகச் சபதமிட்டதைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் 119-ஆம் வசனம் கூறுகிறது. முற்கால விரிவுரையாளர் சிலர், கால்நடைகளுக்கு விதை நீக்குவதையே இது குறிப்பதாக விளக்கினர். ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் விதை நீக்குவதை வெறுத்ததாக முவத்தாவில் உள்ளது. இன்னொரு பக்கம், பெருமானார் (ஸல்) அவர்கள் விதை நீக்கப்பட்ட இரு கடாக்களைக் குர்பானி கொடுத்ததாகவும் அறிவிப்பு வந்திருக்கிறது. இச்செயல் முற்றிலும் பாவமாயின் அவ்வாறு நேர்ந்திருக்குமா என்பது ஆகும் என்போரின் வாதம்.

இவ்விரண்டையும் வைத்து மத்ஹபுகள் பிரிகின்றன. உண்ணத்தக்க பிராணிக்கு இளமையில் செய்யலாம், உண்ணத்தகாதவற்றுக்கு அறவே கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்; இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அதைத் தெளிவாகவே எழுதியுள்ளார்கள். பூனை உண்ணத்தகாதது என்பதால் தடைக்குள் வந்துவிடுகிறது. ஹனஃபீ மத்ஹபிலோ, நன்மை கருதியோ தீங்கைத் தடுக்கவோ ஆனால் குற்றமில்லை என்பது சட்டம். ஔரங்கசீப் காலத்தில் ஆலிம்கள் கூடித் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரி, பூனையைப் பெயர் சொல்லியே இதனைக் குறிப்பிடுகிறது. பூனைத் தோட்டம் வைத்த சுல்தான் பைபர்ஸும், பூனைக்கு விதை நீக்கலாகாது என்ற இமாம் நவவீயும் ஒரே காலத்தவர். இருவரும் மறைந்தது 1277-ஆம் ஆண்டில்.

இந்நூல்கள் பேசுவதெல்லாம் ஆண் பிராணியைப் பற்றியே. மயக்க மருந்து கொடுத்துப் பெண் பூனையின் கருப்பையை நீக்கும் சிகிச்சை அக்காலத்தில் இருந்ததில்லை. இக்கால அறிஞர்கள் பழைய சட்டத்தோடு ஒப்புநோக்கியே தீர்ப்புச் சொல்கின்றனர். 2001-இல் மறைந்த சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் அவர்கள், பூனைகள் பெருகித் தொல்லையாகி, சிகிச்சையால் அவற்றுக்குத் தீங்கும் நேராதெனில் செய்யலாம், பிறந்தபின் கொல்வதைவிட அது மேலானது என்றும், அத்தகைய தொல்லை இல்லாதபோது விட்டுவிடுவதே நல்லதாகலாம் என்றும் கூறியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபு வழக்கிலுள்ள மலேசியாவின் ஃபத்வா அமைப்புகளும் தேவையை முன்னிட்டு இடமளித்துள்ளன.

நம் தமிழகத்திலோ இச்சிக்கல் ஒரே குடும்பத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாங்கள் ஹனஃபீ. மகளைக் கொடுத்த இடம் கடற்கரையூர், அவர்கள் ஷாஃபிஈ. பேத்தியும் அவ்வழியே.

மருத்துவம் சொல்வது

தீங்கு, நன்மை என்று சட்டம் பேசுவதால் அவை எவையென்று அறிந்தாக வேண்டும். பெண் பூனை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே பருவமெய்திவிடக்கூடும். கருக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினையாகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் என்பது சாதாரணம். இத்தனைக்கும் வீடு தேட நம்மால் இயலுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதற் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண் பூனைக்கு மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் நோய் வருவதில்லை. ஒரு முறையாவது தாயானால்தான் உடம்புக்கு நல்லது என்று நம் பெண்மணிகள் இரக்கத்தோடு சொல்வதுண்டு. மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆண் பூனைக்குச் செய்வது இன்னும் எளிது. செய்யாத ஆண் பூனை துணை தேடி ஊரெல்லாம் அலையும். சண்டையிட்டுப் புண்ணோடும் நோயோடும் திரும்பும். தன் எல்லையைக் காட்டச் சுவரிலும் துணியிலும் சிறுநீரைப் பீய்ச்சும். பூனையின் வாய் சுத்தமே தவிர, அதன் சிறுநீர் நஜீஸ். தொழும் அறையில் அது நேர்ந்தால் வீட்டுப் பெண்கள் படும்பாடு சொல்லி முடியாது.

எந்த அறுவையிலும் சிறிதளவு ஆபத்து உண்டு; மயக்க மருந்துக்கு உடல் தாங்குமா என்று முன்னரே பார்க்கச் சொல்ல வேண்டும். தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் வரை அது நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். பின்னர் உடல் பருக்கும். உணவைக் குறைக்க வேண்டும். அறுவை வேண்டாமென்று பருவத்தை நிறுத்தும் மாத்திரையை வாங்கித் தொடர்ந்து கொடுப்போரும் உளர். கருப்பைச் சீழும் மார்பகக் கட்டியும் அதனால் வரக்கூடும். அறுவைக்கு அஞ்சி அதனினும் பெரிய தீங்கை விலைக்கு வாங்குவதே அது.

எங்கள் குடும்பத்து முடிவு

என் சம்பந்தி மத்ரஸாவில் ஓதியவர்கள். பேத்தியின் பொருட்டு அவர்களைக் கேட்டேன். வாதத்துக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்து ஆலம்கீரியோடு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர்களோ என் நூலைத் தொடவில்லை. "எங்கள் கிதாபில் கூடாது என்றே இருக்கிறது, அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டிலும் சாக்குப் பை இருந்தது, சம்பந்தி. அது கூடும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்றார்கள். பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அவருடைய கையிலும் ஒரு நாள் அந்தப் பை இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தேவை நேரும்போது நிபந்தனைகளுக்கு உட்பட்டு மற்றொரு மத்ஹபின் தீர்ப்பைப் பின்பற்ற ஷாஃபிஈ அறிஞர்களே வழிவிட்டிருப்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். மனம் ஒப்பாதவர்கள் செய்ய வேண்டாம். ஆனால் அவர்கள் பூனையை வெளியே விடாமல் காக்கட்டும், அல்லது பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு பார்த்துக் கொடுக்கட்டும், இரண்டும் இயலாதெனில் குட்டியையே எடுக்காதிருக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அதில் மாறுபாடில்லை. ஒன்றையும் முடிவு செய்யாமல் குட்டியை எடுத்துவருவதே நான் அஞ்சும் நான்காவது வழி.

மூன்று நிறக் குட்டி எட்டு வாரம் நிறைந்து வீட்டுக்கு வந்துவிட்டது. மற்ற மூன்றில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. சாம்பல் வரிக் குட்டிக்கு மருமகனார் தேடிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் நாங்கள் எவரும் எண்ணாத ஒன்றைப் பேத்தி கேட்டாள்: "நம் குட்டிக்கு மட்டும் செய்தால், அடுத்த வீட்டுத் தாய்ப்பூனை மறுபடி போடாதா?" அடுத்த வீட்டாரோடு பேசியதில், செலவைப் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டு தாய்க்கு முதலில் செய்வதென முடிவாயிற்று. குட்டிகள் பால் மறந்துவிட்டதால் இனித் தடையில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். நம் குட்டிக்கு ஐந்து மாதம் நிறையும் நாளைச் சமையலறை நாட்காட்டியில் பேத்தி வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை தாய்ப்பூனையைக் கொண்டுபோகிறார்கள். முதல் நாள் இரவு மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் பின் அதற்கு உணவு கிடைத்துவிடக் கூடாதாம். அது வழக்கமாக மீன் சட்டியைத் தேடி நுழைவது என் மகள் வீட்டு அடுப்படிச் சன்னல் வழியாகத்தான். அந்தச் சன்னலைச் சாத்தும் வேலையைப் பேத்தி ஏற்றிருக்கிறாள்.